மீதி ரெண்டு பானை எங்க தம்பி?

"காய வெச்சது மூணு, சுட்டு எடுத்தது ஒண்ணு. மீதி ரெண்டு எங்க தம்பி?"

நான் போட்ட முதல் மண் வீடியோவுக்கு வந்த நாலாவது கமெண்ட் இது. மீதி ரெண்டும் தீயில வெடிச்சிருச்சு. அதை எடிட்டிங்ல தூக்கிட்டேன். யாரும் எண்ண மாட்டாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர் எண்ணிட்டார்.

செமஸ்டர் லீவுல தாத்தா கொல்லையில தனியா உட்கார்ந்து எடுத்த வீடியோ அது. ஐடியா கொடுத்தது 'பிரிமிட்டிவ் டெக்னாலஜி' சேனல். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வடகோடிக் காட்டில் ஜான் பிளான்ட் என்பவர் 2015ல் ஆரம்பித்தது. ஒரு ஷார்ட்ஸ், வெறுங்கால், ட்ரைபாட்ல ஒரு கேமரா, அவ்வளவுதான். களிமண்ணைப் பிசைந்து குடிசைச் சுவர், கூரை ஓடு, அடுப்பு, உலை எல்லாம் கையாலேயே செய்வார். வாயே திறக்க மாட்டார். சப்டைட்டிலை ஆன் பண்ணினால்தான் விளக்கம் வரும்.

பேச்சு இல்லாததால பார்க்கிறவங்க கண்ணு முழுக்க கை மேலேயே இருக்கும். எதையாவது மறைச்சா உடனே தெரிஞ்சிடும். இது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது.

பானை ஏன் வெடிக்குது?

கமெண்ட் போட்டவர் வீட்டில் மூணு தலைமுறையாகப் பானை செய்கிறார்களாம். நான் உண்மையை ஒத்துக்கொண்டதும் திட்டவில்லை. மூணு விஷயம் சொன்னார்.

ஒண்ணு: மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி விரல்ல சுத்திப் பாரு. விரிசல் விட்டா அந்த மண்ணு பானைக்கு ஆகாது. ரொம்ப வழவழன்னு கையில ஒட்டினா மணல் சேரு.

களிமண் துகள்கள் மெல்லிய தகடு மாதிரி இருக்கும். நடுவில் தண்ணீர் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், அதனால்தான் நாம நினைக்கிற வடிவத்துக்கு வளையும். காயும்போது அந்தத் தண்ணீர் போய், துகள்கள் நெருங்கி, மொத்தப் பானையும் சுருங்கும். சுத்தக் களிமண் ரொம்பவே சுருங்கும். மணலோ, பழைய ஓட்டை இடித்த தூளோ சுருங்காது. அதைக் கலந்தா விரிசல் குறையும்.

ரெண்டு: வெயில்ல வைக்காதே, நிழல்ல காய வை. வெயிலில் வெளிப்பக்கம் முதலில் சுருங்கும், உள்பக்கம் ஈரமாவே இருக்கும். அந்த இழுபறியில்தான் பானை பிளக்குது.

மூணு: எடுத்ததும் பெரிய தீ போடாதே. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பானைக்குள்ளும் ஈரம் இருக்கும். 100 டிகிரியில் அது நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற நேரம் கொடுக்கலைன்னா டமால்தான். அதனால் முதலில் சின்னத் தீயில் சூடேற்றணும், அப்புறம்தான் பெரிய தீ. சுமார் 500 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணின் கட்டமைப்பிலேயே இருக்கும் நீரும் வெளியேறும். அதுக்கப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பானை மறுபடி சேறாகாது.

இதை நாம படிச்சிருக்கோமே!

கயிறு உருட்டுற விஷயத்தைப் படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவில் பசங்களுக்குத் தெரியும், அது பிளாஸ்டிக் லிமிட் டெஸ்ட். மண்ணை 3 மில்லிமீட்டர் தடிமன் இழையாக உருட்டி, உதிரத் தொடங்கும்போது ஈரப்பதம் எவ்வளவுன்னு அளப்போம். களிமண்ணின் இந்த எல்லைகளை 1911ல் வரையறுத்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் அட்டர்பெர்க். நம்ம குயவர்கள் எந்தக் கருவியும் இல்லாம விரலாலேயே கிட்டத்தட்ட இதைத்தான் பார்க்கிறாங்க.

நான் மூணாவது செமஸ்டர்ல அந்த டெஸ்ட்டைச் செஞ்ச லட்சணம் சொல்லவா? இழை ரெண்டு தடவை உடைஞ்சது. மூணாவது தடவை உருட்டவே இல்லை. சீனியர் ரெக்கார்டுல இருந்த ரீடிங்கைக் கொஞ்சம் மாத்தி எழுதினேன். மார்க் வந்தது. மண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியல. வெடிச்ச பானையை வெட்டி எறிந்ததும் அதே கைதான்.

தனியா ஷூட் பண்றவங்களுக்கு

* போனைத் தொட ஒரு கை சுத்தமா இருக்கணும். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணி, ஒரு துணி. நான் மறந்ததால சார்ஜிங் போர்ட்டுக்குள்ள இன்னும் சேறு இருக்கு.
* போனை நிழல்ல வை. நேர் வெயில்ல சூடாகி ரெக்கார்டிங் பாதியில நின்னுடும்.
* ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அகல ஷாட், ஒரு கை குளோசப். நடுவுல ஏதாவது உடைஞ்சா, முதல்ல அதைப் படம் எடு.
* தனியா ஆழமாகக் குழி தோண்டாதே. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். பக்கச் சுவர் சரிஞ்சா தூக்கிவிட ஆள் இருக்காது.
* தீ மூட்டும் நாளில் மட்டும் தனியா இருக்காதே.

ரெண்டாவது வீடியோ

அடுத்த லீவுல அஞ்சு பானை செஞ்சேன். நாலில் ஒரு பங்கு மணல், பத்து நாள் நிழல், மெதுவான தீ. நாலு தேறியது. ஒண்ணுக்கு அடியில் விரிசல். வீடியோவை அந்த விரிசலில்தான் ஆரம்பிச்சேன்.

வியூஸ் முதல் வீடியோவை விடக் குறைவுதான். ஆனா "சூப்பர் ப்ரோ" கமெண்ட்டுகளுக்கு நடுவில் உருப்படியான பதில்கள் வந்தன. அடிப்பகுதி சுவரை விடத் தடிமனா இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். பானையைத் தரையில் வெச்சே காய விட்டதால அடியில் காற்று படலைன்னு ஓர் அக்கா சொன்னார். ரெண்டுமே சரி. தேறின பானையை மட்டும் காட்டியிருந்தா இந்த ரெண்டும் எனக்குக் கிடைச்சிருக்காது.

முதல் வீடியோவை நான் டெலிட் பண்ணல. அந்தக் கேள்வியை மேலே பின் பண்ணி, கீழே வெடிச்ச ரெண்டு பானையோட கிளிப்புக்கு லிங்க் கொடுத்திருக்கேன்.

ஜூனியர்களே, அடுத்த சாயில் லேப்ல இழை உடைஞ்சா உடைஞ்சதுன்னே எழுதுங்க. ஏன் உடைஞ்சதுன்னு மேடத்துக்கிட்ட கேளுங்க. நான் கேட்டிருந்தா ரெண்டு பானை மிஞ்சியிருக்கும்.