நின்று குடித்துவிட்டுப் போ

அன்புள்ள பேரனுக்கு, தாத்தா எழுதுவது.

"ஜிகர்தண்டா குடிச்சா பல்லு கூசுது, இனிமே ஐஸே வேண்டாம்" என்று நீ போனில் சொன்னதை ஆச்சி மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிக் குறைப்படுகிறாள். மதுரையில் படித்துக்கொண்டு, சித்திரை வெயிலில், சர்பத் கடைக்காரன் பேரன் ஜிகர்தண்டாவை விடுவதா? விட வேண்டாம் அய்யா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள்.

என் முன்பற்களைப் பார்த்திருப்பாய். மஞ்சளேறி, ஓரம் சில்லுப்போல மெலிந்து கிடக்கும். "பாகுலயே கிடந்த மனுசன், பல்லு போகாம என்ன செய்யும்" என்பார்கள். உள்ளதைச் சொன்னால், நான் ஒரு நாளைக்கு ஒரு முழு டம்ளர் சர்பத் குடித்தாலே அதிகம். ஆனால் எலுமிச்சை பிழிந்து கலக்கும் ஒவ்வொரு தடவையும் புளிப்புச் சரியா என்று ஒரு கரண்டி நாக்கில் விட்டுப் பார்ப்பேன். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் ராத்திரி வரை இதுதான். கடையைப் பூட்டியதும், வாய் புளிக்கிறதே என்று கரித்தூளும் உப்பும் வைத்துப் பரபரவென்று தேய்ப்பேன். பெரிய சுத்தக்காரன் என்று நினைப்பு. பல் டாக்டர் பார்த்துவிட்டு, பாதியைப் புளிப்பு கரைத்தது, மீதியை நீங்களே தேய்த்து எடுத்துவிட்டீர்கள் என்றார்.

பல்லின் மேல்பூச்சு எனாமல். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. ஆனால் அதில் உயிரணு இல்லை; எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் போனால் திரும்ப வளராது. வாயில் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 2.5க்கும் நடுவில் நிற்கிறது. கோலாவும் அதற்குப் பக்கத்தில்தான். சர்க்கரையைத் தின்று வாய்க்கிருமி கக்குவதும் அமிலமே. எச்சில் ஊறி இதையெல்லாம் தணிக்க ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு வாய் குடித்தால் அந்த அரைமணி முதலிலிருந்து தொடங்கும். நான் கரண்டி கரண்டியாக 32 வருஷம் செய்தது அதுதான்.

என் கடையில் கோலி சோடா குடித்தவன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் நின்று, மடமடவென்று குடித்து, ஏப்பம் விட்டுப் போவான். இப்போது கலர் பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது, பையில் கிடக்கிறது, வகுப்பில் ஒரு வாய், பஸ்ஸில் ஒரு வாய். உன் மேசையிலும் அப்படி ஒன்று நிற்கிறதாமே, ராத்திரி படிப்புக்கு? உன் பல் கூச்சத்துக்கு ஜிகர்தண்டாவை விட அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், காப்பாற்ற ஆள் இருக்காது. 300 மில்லி கோலாவில் சுமார் எட்டு டீஸ்பூன் சர்க்கரை. நாளுக்கு ஆறு டீஸ்பூனுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு. சர்க்கரை இல்லாத கோலா என்று ஏமாறாதே, புளிப்பு அப்படியேதான் இருக்கும்.

எது குடித்தாலும் ஒரே இருப்பில் குடித்து முடி. முடிந்தால் சாப்பாட்டோடு குடி, அப்போது எச்சில் நன்றாக ஊறும். பிறகு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளி. மாங்காயில் மிளகாய்ப்பொடி போட்டுத் தின்றாலும் அதே. உடனே பிரஷை எடுக்காதே; அரைமணி போகட்டும். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்டால் மெதுவாகத் தேய். ஐஸைக் கடித்து நொறுக்கும் பழக்கம் உனக்கு ஆச்சியிடமிருந்து வந்தது, அவளுக்குக் கடைவாய்ப் பல் விண்டதும் அதில்தான்.

தாகத்துக்கு மோர் இருக்கிறது. புளித்தாலும் அதிலுள்ள கால்சியம் பல்லுக்குத் துணை. நுங்கு தாராளமாகத் தின்னலாம். பதநீர் கள்ளாகப் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதனால் புளிப்புப் பயம் இல்லை. இனிப்பு உண்டு, குடித்ததும் கொப்பளித்துக்கொள்.

கூச்சம் இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் அங்கேயே ஒரு பல் டாக்டரைப் பார். சொத்தையோ விரிசலோ இருந்தால் என் கடிதத்தால் ஆகாது. செலவுக்குப் பணம் அனுப்புகிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

லீவுக்கு வரும்போது ஆச்சி நன்னாரி காய்ச்சி வைத்திருப்பாள். திண்ணையில் உட்கார்ந்து எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் குடி. ஊருக்குக் கிளம்பும்போது பாட்டிலில் அடைத்துக் கேட்டால் மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
தாத்தா