தூரத்தில் இருக்கும் தாயை விசாரிப்பது எப்படி?

சிலுவையில் தொங்கின வேளையிலும் இயேசு தம் தாயை மறக்கவில்லை (யோவான் 19:26,27). தாம் கூட இருக்க முடியாததால், அருகில் நின்ற சீஷனிடம் ஒப்புவித்தார். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடவில்லை. ஆளைக் குறித்துச் சொன்னார். சென்னையிலும் துபாயிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளே, இது நமக்குப் பாடம்.

1. ஊரில் ஒருவரை நியமியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவானாலும் சரி, ஒரு வீட்டுச் சாவியும் உங்கள் போன் நம்பரும் அவரிடம் இருக்கட்டும். அம்மா ராத்திரி வழுக்கி விழுந்தால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான்.

2. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றால், "நல்லா இருக்கேன்யா" என்றுதான் பதில் வரும். "காலையில என்ன சாப்பிட்டீங்க? பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள்.

3. அரசாங்க பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்வார். சிறு கட்டணம் உண்டு. முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது.

பெற்றோருக்குரியதைக் "கொர்பான்" என்று சொல்லித் தப்பினவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7:11-13). ஜெபக்குறிப்பில் அம்மா பெயரை எழுதினால் மட்டும் போதுமா? இன்று ராத்திரியே போன் பண்ணுங்கள். ஆமென்.