பேனா வழுக்குகிறது, புள்ளி விழவில்லை

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். பகல்பத்து, இராப்பத்து நாட்களில் உபன்யாசம் கேட்டுக் குறிப்பெடுக்க வசதியாக இருக்கும் என்று மகன் மின்தாள் டேப்லெட் ஒன்று வாங்கித் தந்தான். பேனா வழுக்குகிறது, வரி கோணுகிறது, மெய்யெழுத்துகளுக்குப் பாதிப் புள்ளி விழுவதே இல்லை. கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதிய கை இது. வயதாகிவிட்டதா?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. முதலில் புள்ளியைப் பார்ப்போம்.

இவ்வகைக் கருவிகள் பலவற்றில் திரைக்கு அடியில் கம்பிச் சுருள்கள் இருக்கும். அவை எழுப்பும் காந்தப்புலமே பேனாவுக்குச் சக்தி தருவதால் பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. முனை எவ்வளவு அமுங்குகிறது என்று கருவி அளந்துகொண்டே இருக்கும். 4096 படிகள் வரை பிரித்தறிவதும் உண்டு. ஆனால் ஓர் அளவுக்குக் கீழே பட்ட தொடுதலை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. நாமோ புள்ளியைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்கிறோம். ஆங்கிலக் கூட்டெழுத்தில் ஒரு சொல்லைப் பேனா எடுக்காமலே எழுதிவிடலாம். ‘திருச்சிராப்பள்ளி’ என்று எழுத மூன்று புள்ளி வேண்டும்.

எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடப் பாட மாணவர்கள் ஏட்டில் எழுதினார்களே, அந்தக் காலத்தில் படிப்பவர்தான் இடம்பார்த்துப் புள்ளியைப் போட்டுக்கொண்டார். கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் மென்பொருளிடம் அந்தத் தமிழறிவை எதிர்பார்க்க முடியாது. ஆகவே புள்ளியைக் குத்தாமல் சின்ன வட்டமாகச் சுழித்துவிடுங்கள். பேனா வகைகளில் பென்சிலையும் பிரஷ்ஷையும் விட்டு ஃபைன்லைனரைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அதன் கோடு ஒரே தடிமனில் விழும். அமைப்புகளில் அழுத்தத்தை மாற்ற வழியிருந்தால் மெல்லிய தொடுதலுக்கு இறக்கி வையுங்கள்.

வழுக்கலுக்கு முனைதான் பொறுப்பு. கெட்டிப் பிளாஸ்டிக் முனை வழுவழு திரையில் சறுக்கும். ஃபெல்ட் முனை தாளைப் போலப் பிடித்து எழுதும், ஆனால் சீக்கிரம் தேயும். சொரசொரப்பான மேட் ஃபிலிம் ஒட்டினாலும் அதே பிடிப்பு, அதே தேய்மானம். என்னைக் கேட்டால் அடிக்கடி முனை மாற்றும் செலவு வீண்செலவு அல்ல. ஒருபக்கமாகத் தேய்ந்த முனை திரையைக் கீறும், பேனாவை அவ்வப்போது சுழற்றிப் பிடியுங்கள். விரல் வலிக்கிறதென்றால் லாமி நிறுவனத்தின் ஏ.எல். ஸ்டார் ஈ.எம்.ஆர். பேனாவில் முக்கோணப் பிடி உண்டு. உங்கள் கருவிக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து மொபைல் கடைகளில் தொங்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் இதற்கு ஆகாது.

வரி கோணுவதற்கு உங்கள் கரும்பலகையே காரணமாக இருக்கலாம். அங்கே தோள் எழுதியது, இங்கே மணிக்கட்டு எழுத வேண்டும். மேல்விலங்குக்கும் கீழ்விலங்குக்கும் இடம் வேண்டுமல்லவா, அகலக் கோடு போட்ட பக்கத்தை எடுத்துக்கொண்டு எழுத்தைச் சற்றுப் பெரிதாக்குங்கள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதும்போது, பக்கத்தின் அடிவரிக்கு வந்தால் உள்ளங்கை விளிம்பிலிருந்து நழுவும். கருவியைவிடப் பெரிய பரீட்சை அட்டை ஒன்றை அடியில் வையுங்கள்.

மார்கழியில் தெரியாது, சித்திரைத் தேர் சமயத்தில் கை வியர்த்துத் திரையில் ஒட்டும். தானாகப் பக்கம் புரளும். விரல் தொடுகையை நிறுத்தி வைக்கும் வசதி சில கருவிகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் கைக்குட்டையை மடித்துக் கைக்கடியில் போட்டுக்கொள்ளலாம். எழுதுமுன் மணலையும் தூசியையும் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் புள்ளி விழாவிட்டால் பேனாவை மகனிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் விழவில்லையென்றால் பேனாவில்தான் கோளாறு. உத்தரவாதக் காலம் முடியுமுன் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.