பாற்பல் விழுகிற பல்லுத்தானே?

பிள்ளையின் வாயில் சூத்தைப் பல்லைக் கண்டு கேட்டால், தாய்மார் நமக்குச் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அது விழுகிற பல்லுத்தானே, புதுப் பல்லு முளைக்கும்." இதில் பாதி சரி. பாற்பல் விழும், புதுப்பல்லும் முளைக்கும். ஆனால் எந்த வயதில் விழும், அதுவரை அந்தப் பல்லுக்கு என்ன வேலை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிள்ளை சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கத் தொடங்கிய பின்னரே எண்ணுகின்றோம். அப்போது கம்பி பூட்டப் பணமும் பயணமும் நாட்களும் வேண்டும். காணியை விட்டு வந்து கூலி வேலையில் வாழும் குடும்பத்திடம் இவை மூன்றும் இருப்பதில்லை.

பாற்பற்கள் மொத்தம் 20. ஏறத்தாழ 6 மாதத்தில் முளைக்கத் தொடங்கி 3 வயதளவில் நிறைவாகும். முன்பற்கள் 6, 7 வயதில் ஆடி விழும். மற்றவையும் அதே காலத்தில் விழுந்துவிடும் என்று நினைப்பதிலேதான் பிசகு. கன்னப் பக்கத்துப் பாற்கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை வாயில் நிற்க வேண்டியவை. 5 வயதில் அவற்றைப் பிடுங்கினால் அந்த இடம் ஐந்தாறு வருடம் வெறுமையாய்க் கிடக்கும்.

ஆளில்லாமல் கிடக்கும் காணிக்கு என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. வாயிலும் அதுவே நடக்கின்றது. பின்னால் நிற்கும் பல் சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்ந்து வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்ளும். உரிய வயதில் அடியிலிருந்து நிரந்தரப் பல் வரும்போது அதற்கு இடமிராது. அது நாக்குப் பக்கமோ கன்னப் பக்கமோ சரிந்து முளைக்கும். சிலவேளை எலும்புக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். தாடை சிறுத்தும் பல் பெருத்தும் இருப்பது பரம்பரையாக வருவது. அதை நாம் மாற்ற முடியாது. இடம் பறிபோவதைத் தடுக்க முடியும்.

ஆகவே பாற்கடைவாய்ப் பல்லில் சிறு கறுப்புக் குழி தெரிந்தவுடனேயே அதை அடைப்பிக்க வேண்டும். வலி வரும்வரை காத்திருந்தால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமற் போகலாம். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், இடத்தைப் பிடித்து வைக்கும் கம்பி வளையம் போடலாமா என்று பல் வைத்தியரிடம் கேளுங்கள். கண்டங்கத்தரி விதையைப் புகைத்துப் பல்லிலிருந்து புழு எடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. பல்லில் புழு கிடையாது. புழு என்று காட்டப்படுவது விதையிலிருந்து வருவதே.

இன்னொரு பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 6 வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் மேலும் கீழும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பாற்பல்லும் விழுவதில்லை. அதனால் பெற்றோர் இவற்றையும் பாற்பல் என்றே எண்ணி விட்டுவிடுகின்றனர். இவை நிரந்தரப் பற்கள், போனால் திரும்பி வரமாட்டா. மெல்லும்போது மேல்வாயும் கீழ்வாயும் சரியாகப் பொருந்துவதற்கு இவையே ஆதாரம். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முளைத்த சில ஆண்டுகளிலேயே சூத்தை பிடித்துவிடும். பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகும் வருடத்தில் ஒருநாள் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள்.

சூத்தையை உண்டாக்குவது சீனி. எவ்வளவு சீனி என்பதைக் காட்டிலும் எத்தனை தரம் என்பதே முக்கியம். வாயிலுள்ள கிருமிகள் இனிப்பை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கின்றது, உமிழ்நீர் அதை மெல்லச் சரிசெய்கின்றது. மணிக்கொரு தரம் விசுக்கோத்தும் இனிப்புத் தேநீருமாக இருந்தால் உமிழ்நீருக்கு அவகாசம் ஏது? இரவில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். பால்மா வாங்க வழியில்லாத வீடுகளில் சீனித் தேநீரைச் சூப்பிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைப்பதை நாம் முகாம்களில் கண்டிருக்கின்றோம். அந்தத் தாயைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. ஆனாலும் படுக்கையில் கொடுக்கும் போத்தலில் ஆறிய வெந்நீர் மட்டும் இருக்கட்டும். இனிப்பைச் சோற்று வேளையோடு கொடுங்கள். இடையில் பசித்தால் அவித்த பயறோ கௌப்பியோ கொய்யாப்பழமோ போதும்.

பல் துலக்குவதற்குப் புளோரைட்டு உள்ள பற்பசையே ஏற்றது. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசிமணி அளவு, 6 வயதுவரை ஒரு பட்டாணிக்கடலை அளவு போதும். விளம்பரங்களில் தூரிகை நிறையப் பிழிவது பசை விற்பவரின் நன்மைக்காக. துலக்கியபின் துப்பச் சொல்லுங்கள். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். 7 வயதுவரை பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும். வேப்பங்குச்சி அழுக்கை எடுக்கும், ஆனால் சூத்தையைத் தடுக்கும் புளோரைட்டு அதில் இல்லை. உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

புளோரைட்டு மிதமிஞ்சினாலும் கேடு. 1995இல் வலிகாமத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் வளர்ந்தவை. அவற்றுட் பல வன்னிக்கும் வவுனியாவுக்கும் வந்து, கடும்பாறை நிலத்துக் குழாய்க்கிணற்று நீரைக் குடித்தன. வவுனியா, அநுராதபுரம், பொலநறுவை மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதலாக உண்டு. 8 வயதுக்குள் அதைத் தொடர்ந்து குடிக்கும் பிள்ளையின் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். ஒரே வீட்டில் மூத்ததற்கு வெண்பல்லும் இளையதற்குக் கறைப்பல்லும் இருந்தால், துலக்காத பிள்ளை என்று ஏசாதீர்கள், குடிநீரைச் சோதிப்பியுங்கள். கொதிக்க வைப்பதால் புளோரைட்டு போகாது. சுத்தமாகச் சேகரித்த மழைநீரில் அது அநேகமாக இல்லை.

விரல் சூப்பும் பழக்கம் 4, 5 வயதுக்குப் பின்னும் நீடித்தால் மேல்முன்பற்கள் வெளியே தள்ளும். எறிகணைச் சத்தத்திலும் இரவோடிரவாக ஓடிய ஓட்டத்திலும் அஞ்சிய பிள்ளைகள், விட்ட பழக்கத்தை மீண்டும் பிடித்துக்கொண்டதைப் பல குடும்பங்கள் அறியும். விரலில் வேப்பெண்ணெயோ மிளகாயோ பூசுவது அச்சத்தைக் கூட்டும். பகலில் கைக்கு வேலை கொடுங்கள். இரவில் பக்கத்தில் ஒருவர் படுங்கள். நிரந்தர முன்பல் முளைக்குமுன் பழக்கம் நின்றால் பற்கள் பெரும்பாலும் தாமே உள்ளே வரும்.

மேல்தாடை வேட்டைப்பல் 11, 12 வயதில், அயற்பற்கள் வந்து நின்றபின் முளைக்கின்றது. இடம் குறைந்தால் அது தெற்றிக்கொண்டு நிற்கும். அவலட்சணம், நாளைக்குக் கலியாணப் பேச்சில் குறை சொல்வார்கள் என்று பெண்பிள்ளைகளின் வேட்டைப்பல்லைப் பிடுங்குவிக்கும் பெற்றோர் உளர். அது நீண்ட வேரும் உறுதியும் உள்ள பல். பற்சீராக்கல் வைத்தியர், தேவையானால், அதற்குப் பின்னாலுள்ள சிறிய பல்லை எடுத்து இடமுண்டாக்கி வேட்டைப்பல்லை வரிசைக்குக் கொண்டுவருவார். அவரிடம் காட்டாமல் பிடுங்குவிக்க வேண்டாம்.

அரசாங்கப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் சிறுபிள்ளைகளுக்குப் பல் அடைப்பதும் பிடுங்குவதும் இலவசம். அங்குள்ள சிகிச்சையாளர்கள் 1950களில் மகரகமையில் தொடங்கிய பயிற்சி மரபில் வருபவர்கள். 8, 9 வயதில் பிள்ளையை ஒருமுறை காட்டி, பற்கள் வரிசையாய் வருமா என்று கேளுங்கள். மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடிப்பதாயிருந்தால் தாமதிக்கக் கூடாது. கொழும்பு, பேராதனைப் பல் வைத்தியசாலைகளிலும் வேறு சில பெரிய அரச வைத்தியசாலைகளிலும் பற்சீராக்கல் பிரிவு உண்டு. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆகையால் முற்கூட்டியே பெயர் பதிவது நல்லது.

கம்பி பூட்டிய சிகிச்சை ஏறத்தாழ 2 வருடம் செல்லும். நாலைந்து வாரத்துக்கு ஒருதரம் போகவேண்டும். அடுத்த வருடம் எங்கிருப்போம் என்று தெரியாத குடும்பம் இதைத் தொடங்குமுன் வைத்தியரிடம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கவனிப்பாரின்றிக் கம்பியோடு விடப்பட்ட பற்களில் சூத்தை விரைவாகப் பிடிக்கும். பெரியவர்களான பின்னும் பல்லைச் சீராக்கலாம் என்பதால், இடையில் விடுவதிலும் பிந்தித் தொடங்குவது மேல். இடம் மாறினால் சிகிச்சை அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.

முன்தள்ளிய பல்லுள்ள பிள்ளை விழுந்தால் பல் உடைவதும் கழன்று விழுவதும் அதிகம். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்றால் வேரைத் தொடாமல் மேற்பகுதியில் பிடித்தெடுங்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் சில விநாடி மாத்திரம் அலசுங்கள், தேய்க்க வேண்டாம். அதே குழியில் செருகி, துணியைக் கடிக்கச் செய்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். செருக முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அரைமணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல நம்பிக்கை உண்டு. ஒரு மணிக்குமேல் நம்பிக்கை குறையும். விழுந்தது பாற்பல்லாயின் திரும்பச் செருகக் கூடாது. அடியில் வளரும் பல்லை அது பழுதாக்கும்.