விழுப்புரத்தில் தொடங்கி சிங்கப்பூர் வரை: கால்குலேட்டரில் விமான தூரம்

சிங்கப்பூரில் மகன், கோலாலம்பூரில் மருமகள் என்று இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும்? விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே இதற்குப் போதும்.

முதலில் நமக்குத் தெரிந்த தூரத்தைக் கணக்கிடுவோம். அப்போதுதான் விடை சரியா என்று தெரியும். கூகுள் மேப்ஸைத் திறந்து விழுப்புரத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். மெனுவின் மேலே 11.94, 79.49 என்பது போல இரு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. திண்டிவனத்திற்கு 12.23, 79.65. (புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும்.)

இனி கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் 'சயின்டிஃபிக்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அட்சரேகைகளின் வித்தியாசம் 0.29. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. என்பதால் 111ஆல் பெருக்க, 32.19 கி.மீ. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 0.16. இதையும் 111ஆல் பெருக்க 17.76. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வரும். அதனால் இதை மட்டும் காஸ் 12ஆல் பெருக்க வேண்டும். காஸ் 12 என்பது 0.978. உங்களுக்கு 0.84 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது என்று பொருள், டிகிரிக்கு மாற்றிவிடுங்கள். பெருக்கினால் 17.37. இரண்டு விடைகளையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 36.6 கி.மீ. வரும். சாலை வழியே நாற்பதை ஒட்டி வரும் தூரம், பறவை போகும் நேர்க்கோட்டில் சற்றுக் குறைவது நியாயம்தானே!

இதே முறையில் கோலாலம்பூர் விமான நிலையம் (2.75, 101.71), சிங்கப்பூர் சாங்கி (1.36, 103.99). பூமத்திய ரேகைக்கு அருகில் காஸ் கிட்டத்தட்ட 1 என்பதால் அதை விட்டுவிடலாம். விடை 296 கி.மீ.

மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்து வகுத்தால் 0.37 மணி. இதை 37 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள். 60ஆல் பெருக்குங்கள், 22 நிமிடம்தான். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குறைந்த தூரப் பயணத்தில் இவைதான் பெரும்பங்கு.

சென்னை – சிங்கப்பூர் தூரம் சுமார் 2,920 கி.மீ. பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இங்கே இரவு 11 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை 5.30க்குச் சற்றுப் பிந்திய நேரத்தை டிக்கெட் காட்டும். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். ஆறரை மணிப் பயணம் என்று பயப்பட வேண்டாம். திரும்பும்போது இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டதுபோலத் தோன்றுவதும் இதனால்தான்.

கடிகாரத்தைவிடத் தேதியில்தான் பலர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். டிக்கெட்டில் '15ஆம் தேதி 00.30' என்று இருந்தால், அது 14ஆம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பின் வரும் நள்ளிரவு. மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 14ஆம் தேதி இரவு 9.30க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். பெருங்களத்தூர் நெரிசலையும் சேர்த்தால், 14ஆம் தேதி மாலை ஆறு மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள்.