விடியலை எந்தக் கரையில் பார்ப்பது?

மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது, திருச்சியில் அறை எடுப்பதா ஸ்ரீரங்கத்தில் எடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். அப்பா, அம்மா, மனைவி, குழந்தை என்று ஒரு குடும்பத்தை உன் பொறுப்பில் கூட்டிக்கொண்டு கிளம்புவது இதுதான் முதல் தடவை. இதுவரை உன்னை யாரோ கூட்டிப் போனார்கள். டிக்கெட் எடுத்ததும், வழி கேட்டதும், எல்லாரிடமும் திட்டு வாங்கியதும் அவர்கள். இனி அது உன் முறை. நான் சிந்தாமணியில், காவிரிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே வயதானவன். அக்கரைக்குப் போகிற சொந்தக்காரர்களும் இக்கரைக்கு வருகிற சொந்தக்காரர்களும் வழியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் தங்கள் சண்டையை முடித்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேள்.

1. முதலில், இரண்டு ஊர் என்று மனதில் கோடு போடாதே. ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாகத்தான் இருந்தது. 1994-ல் திருச்சி மாநகராட்சி ஆனபோது அதையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி, பாலம் கடந்து, திருவானைக்காவலைத் தொட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விடும். ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். கதையும் ஒரே கதைதான். விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப்போன அரங்கனைக் காவிரிக் கரையில் கீழே வைத்துவிட்டு ஒரு பிள்ளை ஓடினான். ஓடியவன் மலைக்கோட்டை உச்சியில் ஏறி உட்கார்ந்தான். துரத்திப் போன விபீஷணன் குட்டிய குட்டு இன்னும் உச்சிப் பிள்ளையார் நெற்றியில் இருக்கிறது என்பார்கள். எந்தக் கரையில் தங்கினாலும் மறுகரை உன் கையை விட்டுப் போகாது. ஆகவே தலையைப் பிய்த்துக்கொள்ளாதே.

2. விடியற்காலை எந்த ஊரில் வேண்டுமோ, ராத்திரி அந்த ஊரில் தூங்கு. நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். திருச்சி சாயங்காலத்து ஊர். வெயில் தணிந்தபிறகு மலைக்கோட்டை ஏறி இறங்கி, தெப்பக்குளத்தைச் சுற்றி, சின்னக் கடை வீதியிலும் பெரிய கடை வீதியிலும் தோளை இடித்துக்கொண்டு நடந்தால்தான் அதன் ருசி தெரியும். அதற்கு நீ எங்கே தங்கியிருந்தாலும் ஒன்றுதான். ஸ்ரீரங்கம் அப்படியில்லை. அது இருட்டுப் பிரிகிற நேரத்து ஊர். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். கோயில் யானை பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வரும்; ஐப்பசியில் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து. பிறகு யானையும் பசுவும் நிற்க விசுவரூப சேவை.

திருச்சியில் அறை எடுத்தவர்கள், 'நாலரைக்கே கிளம்பிவிடுவோம்' என்று ராத்திரி சபதம் போடுவார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளித்து, காபிக்குக் காத்திருந்து, குழந்தையை எழுப்பி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும், வரிசை நீண்டிருக்கும். அதே சமயம், உன் வீட்டில் யாரும் எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காதவர்கள் என்றால், வெட்கப்படாமல் திருச்சியிலேயே தங்கு. லீவு விட்டதும் யாரும் முனிவராகிவிட மாட்டார்கள். உன் மனிதர்களை அவர்கள் இருக்கிறபடி தெரிந்து வைத்துக்கொள். அவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாயோ அதை வைத்து அறை போடாதே.

3. கூட்டத்திலேயே மூத்த முழங்காலைக் கேட்டுவிட்டுத் திட்டம் போடு. மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். படிகள் நானூறுக்கு மேல். பாதி வழி பாறைக்குள்ளேயே போவதால் நிழல் உண்டு, ஆனால் மூச்சு வாங்கும். என் அத்தை ஒருமுறை தாயுமானவர் சந்நிதியோடு நின்றுவிட்டாள். 'நீங்கள் உச்சிக்குப் போய்விட்டு வாருங்கள், எனக்கு இவரே போதும்' என்றாள். காவிரியில் வெள்ளம் வந்து, பெற்ற தாய் அக்கரையிலேயே நின்றுவிட, பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்குத் தாயாகவே வந்து நின்ற சாமி அது. நாங்கள் இறங்கி வந்தபோது அத்தை, சுகப்பிரசவம் ஆனதற்கு வாழைத்தார் காணிக்கை கொண்டுவந்த ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். யார் வீட்டுக் குழந்தை என்றுகூட அவளுக்குத் தெரியாது. மேலே ஏறிய எங்களுக்கு ஆறும் அக்கரைக் கோபுரங்களும் தெரிந்தன. அன்று யார் பார்த்தது பெரிது என்று என்னால் இன்றுவரை தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

உச்சிக்கு ஓடுகிறவர்கள் வழியில் மகேந்திரவர்மன் குடைந்த குகையைப் பார்க்காமலே தாண்டுவார்கள். ஏழாம் நூற்றாண்டு வேலை. அங்கே கொஞ்சம் நில். அம்மாவுக்கும் மூச்சு அடங்கும்.

ஸ்ரீரங்கத்தில் படி ஏற வேண்டாம், ஆனால் நடக்க வேண்டும். 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று. மத்தியானத்தில் கல் தரை காலைச் சுடும். நடையும் இடையிடையே சாத்துவார்கள். நேரம் விசாரித்துக்கொண்டு போ.

4. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே. 'முதல் நாள் திருச்சி, அடுத்த நாள் ஸ்ரீரங்கம்' என்று அறையை மாற்றுகிறவர்களின் லீவு பாதி பெட்டி கட்டுவதிலேயே போகிறது. அதோடு தஞ்சாவூர், கல்லணை, முக்கொம்பு, சமயபுரம் என்று பட்டியல் நீட்டுவார்கள். மூன்று நாளில் பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று, ஒன்றுமே செய்யாத ஒரு மத்தியானம். அதற்கு மேல் போனால் ஊரைப் பார்க்க மாட்டாய், கடிகாரத்தைத்தான் பார்ப்பாய். குழந்தை சிணுங்கினால் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துப் பக்கம்.

5. வரிசையில் நிற்கும்போதுதான் மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர், கட்டண வரிசை வேகமாகப் போகிறது என்று தர்ம தரிசன வரிசையில் நின்றபடி ஒரு மணி நேரம் சண்டை போட்டார். உள்ளே போன பிறகும் கோபம் இறங்கவில்லை. சேவித்தாரா என்று கேட்டதற்கு, 'கவனிக்கவில்லை' என்றார். உனக்கு முன்னால் நிற்கிற ராஜகோபுரத்தைப் பார். அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கி நின்றுபோனது. நான் சிறு பையனாக இருந்தபோது அதை மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்வோம். அகோபில மடத்து ஜீயர் முனைந்து நின்றபிறகுதான் 1987-ல் 13 நிலையோடு 236 அடிக்கு எழுந்தது. கோபுரமே அத்தனை நூறு வருஷம் காத்திருந்த வாசலில் ஒரு மணி நேரத்துக்கு முணுமுணுக்கலாமா?

நின்றது நின்றதுதான் என்று சுற்றிப் பார். சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளின் தூக்கிய முன்னங்கால்களுக்குக் கீழே வேட்டைக்காரர்களும் விலங்குகளும் மோதிக்கொண்டிருப்பதை ஒரு கால் மணி நேரம் பார்க்கலாம். துலுக்க நாச்சியார் சந்நிதிக்குப் போ. அரங்கன் மேல் உயிரை வைத்த சுல்தான் மகள் என்று சொல்லும் கதை. அங்கே சிலை இல்லை, சுவரில் சித்திரம்தான். அந்தப் பெண்ணின் நினைவாகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். இத்தனை ஆசாரம் பார்க்கிற கோயில் ஒரு மருமகளுக்காகச் சமையலை மாற்றிக்கொண்டிருக்கிறது. உன் மனைவியையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் குழந்தைக்குச் சொல்.

வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வரப்போகிறாய் என்றால் கூட்டத்தை விரும்பி வா. அமைதியும் வேண்டும், அந்தச் சமயமும் வேண்டும் என்றால் நடக்காது; அறையும் கிடைக்காது.

6. வேறு மதத்து நண்பர் கூட வருகிறார் என்றால், சந்நிதிகளுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்பதை வீட்டிலேயே சொல்லிவிடு. வாசலில் பலகையைப் படித்துவிட்டு, 'நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்' என்று ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு யாருக்கும் தரிசனம் ருசிக்கவில்லை. இப்படிப்பட்ட பயணத்துக்குத் திருச்சிதான் சரி. நத்தர் வலி தர்கா இருக்கிறது, தெப்பக்குளத்துப் பக்கம் லூர்து மாதா கோயில் இருக்கிறது, 1826-ல் இந்த ஊரில் இறந்த பிஷப் ஹீபரின் கல்லறை உள்ள புனித யோவான் ஆலயம் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து நுழையக்கூடிய வாசல்களில் முதல் நாளைக் கழி.

7. நாக்குக்காக ஊரை மாற்ற வேண்டாம். அசைவம் இல்லாமல் ராத்திரி தூக்கம் வராதவர்களுக்குத் திருச்சி. காபிக்கு ஸ்ரீரங்கம். நெய் தோசைக்கு இரண்டுக்கும் நடுவே திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ். போகிற போக்கில் உச்சிக்காலத்தில் ஜம்புகேசுவரர் கோயிலில் நின்றால், அர்ச்சகர் அம்பாளின் புடவையைக் கட்டிக்கொண்டு சுவாமிக்குப் பூஜை செய்யப் போவதைப் பார்க்கலாம். குழந்தை கேள்வி கேட்கும். கேட்கட்டும்.

8. ஆற்றைச் சத்தியம் பண்ணிக் கொடுக்காதே. 'அம்மா மண்டபத்தில் முங்கிக் குளிக்கலாம்' என்று குழந்தையிடம் ஆசை காட்டிக் கூட்டி வருவார்கள். வந்து பார்த்தால் கோடையில் மணல்தான் இருக்கும். மேட்டூரில் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்றாலும் அணையில் தண்ணீர் இருந்தால்தான் திறப்பார்கள். நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கிற பழக்கம் வீட்டில் தொடங்கினால் எங்கேயும் தொடரும். தண்ணீர் ஓடினால் அதுவே ஒரு பரிசு. அப்போதும் ஆழம் தெரியாமல் இறங்காதே. படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்தால் போதும்.

9. நீ தேர்ந்தெடுக்காத பக்கத்தைக் குறை சொல்லாதே. ஸ்ரீரங்கத்தில் தங்கியவர்கள் திருச்சியைப் புழுதி என்பார்கள், திருச்சியில் தங்கியவர்கள் ஸ்ரீரங்கத்தை மடி ஆசாரம் என்பார்கள். நம்பெருமாளே இரண்டு பக்கமும் குடித்தனம் வைத்திருக்கிறார், தம்பி. பங்குனியில் ஆற்றைக் கடந்து உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவை கொடுக்கிறார். திரும்பி வந்து பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயாரைப் பார்க்கப் போனால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இந்த ஊடலை மட்டையடி என்று ஊரே கூடி நின்று பார்க்கும். நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். பெருமாளுக்கே அந்தப் பாடு என்றால் நீ எந்த மூலை? எழுத்தாளர் சுஜாதாவும் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, இக்கரையில் புனித ஜோசப் கல்லூரியில் படித்தவர்தான். இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் தினமும் பாலத்தைக் கடக்கிறவர்கள். சாயங்காலம் ஒருநாள் பாலத்து நடைபாதையில் நின்று காற்று வாங்கு. எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

10. அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அம்மாவிடம் கேள். 'எங்கே வேண்டுமானாலும் சரி' என்றுதான் சொல்வாள். அதை நம்பாதே, இரண்டாவது தடவை கேள். ஸ்ரீரங்கம் என்று முடிவானால், சென்னையிலிருந்து வரும் வண்டிகள் பலவும் ஸ்ரீரங்கத்தில் நின்றுதான் ஜங்ஷனுக்குப் போகின்றன. உன் வண்டி நிற்குமா என்று பார்த்து அங்கேயே இறங்கிக்கொள். கோயிலின் யாத்ரி நிவாஸ் பஞ்சக்கரைச் சாலையில் இருக்கிறது, அதை முதலில் விசாரி. ராத்திரி வண்டி, கைக்குழந்தை, எட்டு மணித் தூக்கம் என்றால் ஜங்ஷன் பக்கத்திலேயே எடு. எதுவானாலும் தேதியை முன்கூட்டி எனக்குச் சொல்லிவிடு. ஒரு வேளைச் சாப்பாடு சிந்தாமணியில்தான், அதில் பேச்சே கிடையாது.