கலாபகோஸ் பருந்தின் பழைய படம்

பழைய புத்தகக் கடையில் கலாபகோஸ் தீவுப் பருந்தின் வண்ணப்படம் ஒன்று கிடைத்தது. டார்வின் காலத்து அசலா, நகலா என்று எப்படி அறிவது?

ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். டார்வினின் பீகிள் கப்பல் பயணத்தில் கிடைத்த பறவைகளைப் பற்றி 1838 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்த நூலுக்கென, ஜான் கூல்டின் மாதிரி வரைவுகளைக் கொண்டு அவர் மனைவி எலிசபெத் கல்லச்சில், அதாவது சுண்ணாம்புக்கல்லின் மேல் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் வரைந்து அச்சிடும் முறையில், இப்படங்களை உருவாக்க, அச்சான தாள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே கையால் வண்ணம் தீட்டப்பட்டது. ஆகவே அசலில் நீர்வண்ணம் இறகோரக் கோட்டை ஆங்காங்கே சற்று மீறியிருக்கும். வரிசை பிசகாத நுண்புள்ளிகள் தென்பட்டால் அது பிற்கால அச்சே. அடியிலுள்ள பெயரும் காட்டிக்கொடுக்கும்: அந்நூல் இப்பறவையைக் ‘கிராக்சிரெக்ஸ்’ என்ற பேரினத்தில் வைத்தது, இன்றைய பேரினப் பெயரான ‘பூட்டியோ’ அச்சாகியிருந்தால் கண்ணாடியைத் தேடவும் வேண்டியதில்லை.